கன்ஜி எழுத்துக் கல்வியும் தமிழரும்

கன்ஜி என்பது ஜப்பானிய மொழியை எழுதப் பயன்படும் மூன்று எழுத்து வகைகளுள் ஒன்று. சீனாவிலிருந்து ஜப்பானுக்குச் சென்ற இவ்வெழுத்துகள் ஒலியோடு பொருளையும் குறிப்பவை. மற்ற இரண்டு வகைகளான ஹிரகானாவும் கத்தகானாவும் ஒலியெழுத்துகள். ஒவ்வொன்றிலும் அடிப்படை எழுத்துகள் 46. எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிய தமிழ் மாணவருக்கு இந்த இரண்டும் சில வாரங்களில் வசப்பட்டுவிடும். கன்ஜி அப்படி வசப்படுவதில்லை. ஜப்பானிய அரசு அன்றாடப் பயன்பாட்டுக்கென 2010-இல் திருத்தி வெளியிட்ட பட்டியலில் 2,136 கன்ஜிகள் உள்ளன. அவற்றுள் 1,026 எழுத்துகளை அந்நாட்டுப் பிள்ளைகள் தொடக்கப் பள்ளியின் ஆறு ஆண்டுகளில் கற்கின்றனர்.

இச்சொல்லைத் தமிழில் கஞ்சி என்று எழுதினால் உணவையும், காஞ்சி என்று எழுதினால் ஊரையும் குறித்துவிடுகிறது. ஆகவே இக்கட்டுரையில் கன்ஜி என்ற வடிவம் கையாளப்படுகிறது.

ஜப்பானில் வேலை தேடும் தமிழக இளைஞர்களும் செவிலியர்களும் பெருகிவரும் இக்காலத்தில் கன்ஜி வெறும் மொழி ஆர்வலரின் பொழுதுபோக்காக இல்லை. பேச்சில் தேறியவர்கள்கூடத் தேர்வில் இடறி விழும் இடம் இதுதான். இது தமிழருக்கு முற்றிலும் அன்னியமான, தலையில் ஏறாத எழுத்து என்ற அச்சமும் பரவலாக உள்ளது. வரலாற்றைப் பார்த்தால் அந்த அச்சத்தில் பாதிக்கு அடிப்படையில்லை.

மலையும் தீயும்

ஜப்பானியப் பள்ளியில் முதல் வகுப்புப் பிள்ளை கற்கும் 80 கன்ஜிகளுள் மலையைக் குறிப்பதும் தீயைக் குறிப்பதும் அடங்கும். மலைக்கு மூன்று கோடுகள்: நடுவில் உயர்ந்த சிகரமாக ஒரு நேர்கோடு முதலில்; பின் இடப்பக்கம் இறங்கி அடியில் வலப்புறம் திரும்பும் கோடு; கடைசியில் வலப்பக்கச் சிறு கோடு. தீக்கு நான்கு கோடுகள்: இருபுறமும் தெறிக்கும் இரு பொறிகள் போன்ற சிறு கோடுகள் முதலில், பிறகு நடுவில் கிளைத்து விரியும் இரு கோடுகள். தீயை முன்னும் மலையைப் பின்னுமாகச் சேர்த்து எழுதினால் எரிமலை என்று பொருள். கஸான் என்று படிக்க வேண்டும். தீயே மலையாகக் குளிர்ந்து நிற்கிறது என்ற தலபுராணத்தைக் கேட்டு வளர்ந்த திருவண்ணாமலைப் பிள்ளைக்கு இந்தக் கூட்டெழுத்தை ஒருமுறை சொன்னால் போதும்.

தனியாக நிற்கும்போது மலை என்ற கன்ஜியை யாமா என்று படிப்பர். இது ஜப்பானியரின் சொந்தச் சொல். வேறொரு கன்ஜியோடு சேரும்போது பெரும்பாலும் ஸான் என்று படிப்பர்; இது சீனத்திலிருந்து வந்த ஒலி. முதல் வகைக்குக் குன்யோமி என்றும் இரண்டாவதற்கு ஓன்யோமி என்றும் பெயர். ஃபுஜிஸான் என்பதில் வரும் ஸான் மரியாதைச் சொல் என்று பலர் நினைக்கின்றனர். அது மலை என்ற எழுத்தின் சீன ஒலிதான்.

ஓர் எழுத்துக்கு இரண்டு வாசிப்புகளா என்று புதிதாகக் கற்பவர் மலைத்துப் போகிறார். ஆனால் இதே வழக்கத்தைத் திருவண்ணாமலையில் யாரும் கற்பிக்காமலே எல்லோரும் அறிவர். தனியே சொன்னால் மலை. வலத்தோடு சேர்ந்தால் கிரிவலம். ஊர் அண்ணாமலை, இறைவன் அருணாசலேசுவரர். அசலம் என்றாலும் மலைதான். நின்ற இடத்தில் நிற்கும் ஒரே மலையைத் தமிழ்ச் சொல்லாலும் வடசொல்லாலும் இடத்துக்கேற்ப மாற்றிச் சொல்கிறோம். எந்த இடத்தில் எது வரும் என்பது விதியால் வருவதில்லை, பழக்கத்தால் வருகிறது. சீனத்துக்கும் ஜப்பானுக்கும் உள்ள உறவு ஏறத்தாழ வடமொழிக்கும் தமிழுக்கும் இருந்த உறவைப் போன்றது. வேறுபாடு ஒன்றே: தமிழில் இரு சொல்லுக்கும் தனித்தனி எழுத்துக்கூட்டு உண்டு, ஜப்பானியத்தில் இரண்டும் ஒரே எழுத்துக்குள் குடியிருக்கின்றன.

ஐம்பூதங்கள்

நிலத்துக்குக் காஞ்சிபுரம், நீருக்குத் திருவானைக்கா, தீக்குத் திருவண்ணாமலை, காற்றுக்குத் திருக்காளத்தி, வெளிக்குத் தில்லை எனச் சைவர் ஐம்பூதத் தலங்களை வகுத்துள்ளனர். ஜப்பானியப் பௌத்தத்திலும் ஐம்பூதங்கள் உண்டு. நிலம், நீர், தீ, காற்று, வெளி என்ற இதே வரிசைதான். கன்ஜியில் ஐந்தெழுத்துகளாக அவற்றை எழுதி சி, சுயி, க, ஃபூ, கூ என்று படிப்பர். ஜப்பானியக் கல்லறைகளில் காணப்படும் கொரின்தோ என்னும் ஐந்தடுக்குக் கல்தூண் இவ்வைந்தின் வடிவம். அடியில் சதுரக் கல் நிலம், அதன்மேல் உருண்டை நீர், கூம்பு தீ, அரைவட்டம் காற்று, உச்சியில் மணி போன்ற முனை வெளி.

இந்த ஐந்தெழுத்துகளும் அந்நாட்டுப் பிள்ளைகளின் முதல் இரண்டு வகுப்புப் பட்டியலுக்குள்ளேயே வந்துவிடுகின்றன. தமிழ் மாணவருக்குக் கன்ஜி தொடங்க இதைவிடப் பொருத்தமான பாடம் அமைவது அரிது.

கிழமைப் பெயர்களும் அப்படியே. ஞாயிற்றுக்குச் சூரியன் என்ற கன்ஜி, திங்களுக்கு நிலவு என்ற கன்ஜி. செவ்வாய்க்குத் தீ, செவ்வாய்க் கோளை ஜப்பானியர் தீ மீன் என்றே அழைக்கின்றனர். புதனுக்கு நீர், வியாழனுக்கு மரம், வெள்ளிக்குப் பொன், சனிக்கு மண். கோள்களின் பெயரால் கிழமை வகுக்கும் இம்முறை இந்தியச் சோதிடத்தைத் தழுவி எட்டாம் நூற்றாண்டில் அமோகவஜ்ரர் சீனத்தில் ஆக்கிய நூல் வழியாக ஜப்பானை அடைந்தது. அந்நூலைச் சீனாவிலிருந்து 806-இல் கொண்டுவந்தவர் கூகாய் என்ற துறவி. அமோகவஜ்ரரின் ஆசிரியர் வஜ்ரபோதி. தென்னிந்தியர் எனவும் காஞ்சிபுரத்தோடு தொடர்புடையவர் எனவும் சொல்லப்படுபவர். காஞ்சி என்றதும் போதிதருமரை மட்டுமே நினைவுகூர்வது 2011-இல் வந்த ஒரு திரைப்படத்துக்குப் பின் பழக்கமாகிவிட்டது. வஜ்ரபோதியைப் பற்றி நம் பாடநூல்களும் பேசுவதில்லை, திரைப்படங்களும் பேசுவதில்லை.

அகர வரிசை ஜப்பான் சென்றது

கன்ஜி கற்கும் தமிழ் மாணவர் முதலில் கவனிக்க வேண்டியது ஜப்பானிய அகராதியின் வரிசை. அதன் உயிர்கள் அ, இ, உ, எ, ஒ. தமிழின் ஐந்து குற்றெழுத்துகள், தமிழ் வைக்கும் அதே ஒழுங்கில். மெய்கள் க, ஸ, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று செல்கின்றன. ஹ என்பது முற்காலத்தில் ப என்று ஒலித்ததாக மொழியியலார் கூறுவர். அப்படி வைத்துப் பார்த்தால் தொண்டையில் தொடங்கி இதழில் முடிந்து இடையெழுத்துகளுக்குச் செல்லும் இந்திய ஒலி வரிசை தெளிவாகத் தெரியும்.

இது தற்செயலன்று. பௌத்த மந்திரங்களைச் சரியாக ஒலிக்க வேண்டிச் சித்தம் என்ற இந்திய எழுத்தை ஜப்பானியத் துறவிகள் பயின்றனர். அப்பயிற்சியின் விளைவாகத் தங்கள் ஒலியெழுத்துகளை இந்திய முறையில் அடுக்கினர். பதினோராம் நூற்றாண்டில் பிறந்த மியோகாகு என்ற துறவிக்கு இதில் பெரும் பங்குண்டு.

இந்தியர் நேரில் சென்றதும் உண்டு. போதிசேனர் என்னும் தென்னிந்தியத் துறவி 736-இல் ஜப்பானை அடைந்தார். மதுரையைச் சேர்ந்தவர் என்ற கருத்தும் வழங்குகிறது. நாரா நகரில் தோதாய்ஜி கோயிலின் பெரும் புத்தர் சிலைக்கு 752-இல் கண் திறந்தவர் அவரே. அன்று அவர் பிடித்த தூரிகை நாராவின் ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் காக்கப்படுகிறது. அவருடைய பெயரை ஜப்பானியர் கன்ஜியில் எழுதியபோது ஒவ்வொரு எழுத்தின் பொருளையும் விட்டு ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டனர். பொருளெழுத்தை ஒலியெழுத்தாக ஆளும் இந்த உத்தியே எட்டாம் நூற்றாண்டுப் பாடல் தொகையான மன்யோஷுவில் விரிவாகப் பயன்பட்டது. அதிலிருந்து சுருங்கிப் பிறந்தவையே இன்றைய ஹிரகானாவும் கத்தகானாவும்.

தமிழில் இருந்த பொருளெழுத்துகள்

தமிழ் முழுக்க முழுக்க ஒலியெழுத்து மொழி என்று பள்ளியில் கற்பிக்கிறோம். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், ஆக 247. இது இலக்கணக் கணக்கு. கணக்குப்பிள்ளைகளின் ஏட்டிலும் ஓலைப் பத்திரங்களிலும் நிலைமை வேறு. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹ என்று முழுச் சொல்லைக் குறிக்கும் ஒற்றைக் குறிகள் அங்கே உண்டு. எழுத்தைக் கூட்டி இவற்றைப் படிக்க முடியாது. பார்த்ததும் சொல் நினைவுக்கு வர வேண்டும். கன்ஜி படிப்பது இதே வேலைதான்.

எண்களில் ஒற்றுமை இன்னும் நெருக்கம். பழந்தமிழ் எண்முறையில் பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனி எழுத்துகள் உண்டு. திருவண்ணாமலை தனி மாவட்டமான 1989-ஆம் ஆண்டைப் பழைய முறையில் எழுதினால் ௲௯௱௮௰௯. ஆயிரம், ஒன்பது நூறு, எட்டுப் பத்து, ஒன்பது. இதே எண்ணைக் கன்ஜியில் எழுதினாலும் ஆறு எழுத்துகள், இதே வரிசை. ஆயிரத்துக்கு முன் ஒன்று என்ற எழுத்து வராது என்பது வரை ஒப்புமை உண்டு. கோயில் சுவரில் ஆட்சியாண்டு படிக்கத் தெரிந்தவருக்குக் கன்ஜி எண்களில் கற்க வேண்டியவை எழுத்து வடிவங்கள் மட்டுமே. முறையைக் கற்க வேண்டியதில்லை.

கல்வெட்டுகளில் இன்னொன்றும் உண்டு. அருணாசலேசுவரர் கோயிலிலும் தமிழகத்தின் பிற கோயில்களிலும் தமிழ் வாசகத்தின் நடுவே ஸ்வஸ்திஸ்ரீ போன்ற வடசொற்கள் கிரந்த எழுத்தில் வரும். ஒரே வரியில் இரண்டு எழுத்துமுறைகள். ஜப்பானிய வரியில் கன்ஜியும் கானாவும் கலந்து வருவதைப் பார்த்து இன்று வியப்பவர், நம் முன்னோர் அவ்வாறு கலந்து எழுதியதைப் படிக்க மறந்தவர்.

திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, வாய்விட்டுச் சொல்லி, எண்சுவடியை மனப்பாடம் செய்தனர். ஜப்பானிய வகுப்பறையிலும் ஆசிரியர் கோடுகளை எண்ணிச் சொல்ல, பிள்ளைகள் விரலை உயர்த்திக் காற்றில் கன்ஜியை எழுதுகின்றனர். கண், கை, வாய் மூன்றும் சேர்ந்து உழைக்கும் கல்வி இது. இங்கே அது பழம்பாணி என்று கைவிடப்பட்டது. அங்கே இன்றும் நடக்கிறது.

உயிர்மெய் போன்ற கட்டமைப்பு

இரண்டாயிரம் எழுத்தையும் இரண்டாயிரம் தனிப் படங்களாக நினைவில் வைக்க வேண்டும் என்பது தவறான எண்ணம். ஏறத்தாழ கி.பி. 100-இல் சூ ஷென் என்ற சீன அறிஞர் தம் அகராதியில் எழுத்துகளை ஆறு வகையாகப் பிரித்து, 540 உறுப்புகளின் கீழ் அடுக்கினார். 1716-இல் வெளிவந்த காங்ஷி அகராதி 214 உறுப்புகளைக் கையாண்டது. இன்றைய கன்ஜி அகராதிகள் பெரும்பாலும் இந்த 214-ஐயே பின்பற்றுகின்றன.

பெரும்பாலான கன்ஜிகள் இரண்டு பகுதிகளால் ஆனவை: ஒன்று பொருளைச் சுட்டும், மற்றொன்று ஒலியைச் சுட்டும். நீலம் அல்லது பச்சையைக் குறிக்கும் ஓர் எழுத்துக்கு ஸெய் என்பது ஓன்யோமி. இதன் பக்கத்தில் நீர் உறுப்பைச் சேர்த்தால் தூய்மை. சூரியனைச் சேர்த்தால் தெளிந்த வானம். சொல் என்ற உறுப்பைச் சேர்த்தால் வேண்டுகோள். அரிசியைச் சேர்த்தால் தீட்டிய சாரம். நான்குக்கும் ஓன்யோமி ஸெய்தான். ககர மெய்யை ஒருமுறை கற்றவன் கா, கி, கீ என்று தானே விரித்துக்கொள்வது போன்றதே இது. எல்லா எழுத்திலும் இவ்வளவு ஒழுங்கு இருக்காது. இருக்கும் இடத்தில் பயன்படுத்தாமல் விடுவது மாணவருக்குச் செய்யும் அநீதி.

மூன்று மரம் சேர்ந்தால் காடு, மரத்தில் சாய்ந்த மனிதன் ஓய்வு என்று கதை சொல்லிக் கற்பிக்கும் முறையும் உண்டு. ஜப்பானில் நகோயாவில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹைசிக் இம்முறையை முழு நூலாக வளர்த்தார். 1970-களின் இறுதியில் வெளிவந்த அந்நூல் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கன்ஜிகளுக்குப் பொருளையும் கோட்டு முறையையும் மட்டும் கற்பித்து, வாசிப்பைப் பின்னர் தனியாகக் கற்கச் சொல்கிறது. உலகெங்கும் அதற்கு ஆர்வலர் உண்டு. வேலைக்காக ஓராண்டுக்குள் பேசவும் படிக்கவும் வேண்டிய மாணவருக்கு, ஒலியில்லாத எழுத்தை மாதக்கணக்கில் கற்பது எவ்வளவு உதவும் என்பது ஐயத்துக்குரியது.

ஒழிக்க நினைத்தவர்களும் காத்தவர்களும்

கன்ஜி ஜப்பானியருக்கே சுமை என்று கருதியோர் அந்நாட்டிலேயே இருந்தனர். மயேஜிமா ஹிசோகா என்பவர் 1866-இல் கன்ஜியை ஒழிக்க வேண்டும் என்று ஷோகுனுக்கு விண்ணப்பம் எழுதினார். இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பானுக்கு 1946-இல் வந்த அமெரிக்கக் கல்விக் குழு, உரோமன் எழுத்துக்கு மாறும்படி பரிந்துரைத்தது. கன்ஜியால் மக்கள் எழுத்தறிவற்றுக் கிடக்கின்றனர் என்பது அன்றைய ஊகம். அதைச் சோதிக்க 1948-இல் நாடெங்கும் ஏறத்தாழ 17,000 பேரிடம் தேர்வு நடத்தப்பட்டது. அறவே எழுதப் படிக்கத் தெரியாதவர் நூற்றுக்கு இருவர் அளவே என்று முடிவு வந்தது. மாற்றத்துக்கான பேச்சு தளர்ந்தது. எனினும் 1946-இல் 1,850 எழுத்துகள் என வரம்பு கட்டி, 1949-இல் பல எழுத்துகளின் வடிவத்தை எளிமையாக்கினர். 1981-இல் எண்ணிக்கை 1,945 ஆயிற்று.

ஏறத்தாழ அதே காலத்தில் தமிழகத்திலும் எழுத்துச் சீர்திருத்தம் பேசப்பட்டது. பெரியார் 1935 முதல் தம் இதழில் கையாண்ட ணா, றா, னா, ணை, லை போன்ற வடிவங்களை எம்.ஜி.ஆர். அரசு 1978-இல் ஏற்றது. பழைய அச்சில் யானைத் துதிக்கை போல் வளைந்த லையைக் கண்டவர்களுக்கு, ஜப்பானிய முதியவர்கள் பழைய கன்ஜி வடிவங்களைப் பற்றிப் பேசுவது புரியும்.

மலேயாவில் கட்டாயப் பாடம்

தமிழர் பெருந்தொகையாக ஜப்பானிய எழுத்தை எதிர்கொண்டது விரும்பிக் கற்ற வகுப்பறையில் அன்று. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஊரின் பெயரே ஷோனான் என்று மாற்றப்பட்டது. ஒளி என்று பொருள்படும் கன்ஜியும் தெற்கு என்ற கன்ஜியும் சேர்ந்த பெயர் அது. மலேயாவில் மீண்டும் திறக்கப்பட்ட தமிழ்ப் பள்ளிகளில் நிப்பொங்கோ பாடமாயிற்று. பிள்ளைகள் பெரும்பாலும் கத்தகானாவோடு நின்றனர். ஆனால் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய இரண்டு கன்ஜிகள் இருந்தன: கெம்பெய் என்னும் இராணுவக் காவலரின் வெண்ணிறக் கைப்பட்டையில் சிவப்பில் எழுதியிருந்த இரண்டு எழுத்துகள். பொருள் தெரியாவிட்டாலும் வடிவம் தெரிந்தால் ஒதுங்கி நிற்கலாம்.

அத்தோட்டங்களில் இருந்த தமிழர் பலரின் பூர்வீகம் வட ஆர்க்காடு, சேலம், திருச்சி, தஞ்சை மாவட்டங்கள். திருவண்ணாமலை அன்று வட ஆர்க்காட்டைச் சேர்ந்தது. சயாம்–பர்மா இரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு, 415 கிலோமீட்டர் பாதையில் பிணமாக விழுந்த தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர். ஜப்பானிய மொழிக் கல்வியைப் பற்றித் தமிழில் எழுதும்போது இதை விட்டுவிட்டுப் போதிசேனரிலிருந்து நேரே கார்த் தொழிற்சாலைக்குத் தாவுவது பொருந்தாது.

அதே போரின் மற்றொரு பக்கமாக, நேதாஜி 1944-இல் தேர்ந்தெடுத்த 45 இளைஞர்கள் தோக்கியோவுக்குப் படைப்பயிற்சிக்கு அனுப்பப்பட்டனர். படைக்கல்லூரியில் சேருமுன் அவர்கள் ஜப்பானிய மொழி கற்றனர்.

எதிர்த்திசையில் வந்த அறிஞர்கள்

ஜப்பானியர் தமிழ் கற்ற வரலாறு இதற்கு எதிர்முகம். நொபொரு கராஷிமா (1933–2015) தமிழ்க் கல்வெட்டுகளைக் கற்று, சோழர், விஜயநகரக் காலச் சமூக வரலாற்றை எழுதினார். எ. சுப்பராயலு, தோரு மத்சுயி ஆகியோருடன் சேர்ந்து சோழர் கல்வெட்டுப் பெயர்களின் தொகுப்பை 1978-இல் வெளியிட்டார். விஜயநகர ஆட்சியில் வட தமிழகம் பற்றிய அவரது ஆய்வுக்குப் பழைய வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு மாவட்டக் கல்வெட்டுகள் முதன்மைச் சான்றுகள். 2013-இல் பத்மசிறீ விருது பெற்றார். அவர் குடும்பப் பெயரின் முதற் கன்ஜிக்குக் காரம் என்று பொருள், இரண்டாவதற்குத் தீவு. கறியைப் பற்றி அவர் மனைவியுடன் சேர்ந்து ஒரு நூலும் எழுதியிருப்பதால் பெயர் பொருத்தமே.

சுசுமு ஓனோ (1919–2008) ஜப்பானிய மொழியின் மூலம் தமிழோடு தொடர்புடையது என்று வாதிட்டார். சென்னையில் பொற்கோ, யாழ்ப்பாணத்தின் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோர் அவரோடு இணைந்து உழைத்தனர். மொழியியலாரில் பெரும்பாலோர் அவர் கொள்கையை ஏற்கவில்லை. இங்கே மேடைகளில் அது நிறுவப்பட்ட உண்மைபோல் இன்றும் பேசப்படுகிறது, அது சரியன்று. கன்ஜி கற்போர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. ஓனோ ஒப்பிட்டவை ஓன்யோமியை நீக்கிய தூய ஜப்பானியச் சொற்கள். ஜப்பானியச் சொல் ஒன்று தமிழ்போல் ஒலிக்கிறது என்று துள்ளுமுன் அது சீனத்திலிருந்து வந்த ஒலியா என்று பார்க்கக் கன்ஜி தெரிந்திருக்க வேண்டும்.

திருவண்ணாமலையின் ஆன்மிக நூல்களும் கன்ஜி வழியே ஜப்பான் சென்றன. இரமண மகரிசியின் போதனைகளைக் கவிஞர் யமாவோ ஸன்ஸெய் மொழிபெயர்த்து 1982-இல் வெளியிட்டார். இரமணர் நூல்களின் ஜப்பானிய வடிவங்களில் ஆன்மாவுக்கு ஷிங்கா என்ற சொல் வழங்குகிறது. உண்மை என்ற கன்ஜியும் தான் என்ற கன்ஜியும் சேர்ந்தது அது. இதே தான் என்ற எழுத்தின் முன் இன்மை என்ற கன்ஜியை வைத்தால் முகா; ஆன்மா இல்லை என்னும் பௌத்தக் கோட்பாடு. ஓர் எழுத்தை மாற்றினால் வேதாந்தம் பௌத்தமாகிறது. அருணாசலம் என்ற பெயரைக் கன்ஜியில் எழுதாமல் கத்தகானாவில் ஒலிபெயர்க்கின்றனர். ஜப்பானியத்தில் லகரம் இல்லாததால் அண்ணாமலை அன்னாமராய் ஆகிவிடுகிறது.

தேர்வும் வேலையும்

இந்தியாவில் ஜப்பானியக் கல்வி சாந்திநிகேதனிலும் தில்லியிலும் முந்தித் தொடங்கியது. தமிழகத்தில் ஜப்பானில் பயிற்சி பெற்றுத் திரும்பியோர் அமைத்த ஏ.பி.கே.–ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் சென்னையில் வகுப்புகளை நடத்தி வருகிறது. 2010-இல் ஒரகடத்தில் நிசான் கூட்டுத் தொழிற்சாலை திறந்தது; 2015-இல் வல்லம் வடகாலில் யமஹா வந்தது. தேவை கூடிற்று.

ஜப்பானிய மொழித் திறன் தேர்வு 1984-இல் தொடங்கி, 2010-இல் என்5 முதல் என்1 வரை ஐந்து நிலைகளாக மாற்றி அமைக்கப்பட்டது. பழைய முறையில் நான்கு நிலைகளுக்கும் ஏறத்தாழ 100, 300, 1,000, 2,000 கன்ஜிகள் என அளவு இருந்தது. புதிய முறையில் அதிகாரப்பூர்வப் பட்டியல் இல்லை. பழைய அளவையே ஆசிரியர்கள் கைக்கொள்கின்றனர். சூலை, டிசம்பர் என ஆண்டுக்கு இருமுறை நடக்கும் இத்தேர்வுக்குத் திருவண்ணாமலை மாணவர் ஏறத்தாழ 190 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சென்னைக்கு முதல் நாளே பேருந்து ஏற வேண்டும்.

இத்தேர்வில் எழுத வேண்டியது ஒன்றுமில்லை. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தால் போதும். அதனால் கையால் எழுதிப் பழகுவதை விட்டுவிட்டு, கைப்பேசியில் அட்டை அட்டையாகப் பார்த்து மனப்பாடம் செய்யும் வழக்கம் வந்துவிட்டது. அடையாளம் கண்டுகொள்ளும் அறிவு வேறு, கைவந்த அறிவு வேறு. ஒரு கோடு கூடினாலோ ஒரு கோட்டின் நீளம் மாறினாலோ வேறெழுத்தாகிவிடும் இடங்களில் இந்த வேறுபாடு வெளிப்படும். மண் என்ற கன்ஜிக்கும் வீரன் என்ற கன்ஜிக்கும் இடையே, இரண்டு கிடைக்கோடுகளில் எது நீளம் என்பது மட்டுமே வித்தியாசம். பத்துமுறை எழுதியவன் மாறிப் படிக்கமாட்டான்.

2019 ஏப்ரலில் ஜப்பான் குறிப்பிட்ட திறன் தொழிலாளர் விசாவை 14 துறைகளுக்குத் தொடங்கியது. இதற்கென இந்தியாவும் ஜப்பானும் 2021 சனவரியில் ஒப்பந்தம் செய்தன. முதியோர் பராமரிப்பு இத்துறைகளுள் முக்கியமானது. என்4 அல்லது அதற்கு இணையான தேர்ச்சி தேவை. சில நூறு கன்ஜிகள் என்று பார்த்தால் எட்டக்கூடிய உயரமே. இடர் அதற்கு மேல் காத்திருக்கிறது.

இதற்கு முன் சென்றவர்களின் கதை கண்முன் உள்ளது. இந்தோனேசியச் செவிலியர்கள் 2008 முதல் தனி ஒப்பந்தத்தின்கீழ் ஜப்பான் சென்றனர். தம் நாட்டில் தகுதி பெற்றவர்கள், அனுபவம் உள்ளவர்கள். 2009-இல் ஜப்பானியச் செவிலியர் தேர்வை எழுதிய 82 பேரில் ஒருவரும் தேறவில்லை. மறு ஆண்டு பிலிப்பைன்ஸ் செவிலியரும் சேர்ந்து 254 பேர் எழுதினர், தேறியவர் மூவர். தொழில் தெரியாததால் அவர்கள் தோற்கவில்லை. படுக்கைப் புண்ணை ஜப்பானியப் பேச்சில் தோக்கோஸுரே என்பர். படுக்கையில் உராய்வது என்று கேட்டதும் புரியும். தேர்வுத் தாளில் அது ஜொகுஸோ. இரண்டும் அன்றாடப் பட்டியலில் இல்லாத கடினக் கன்ஜிகள். ஜப்பானியரிலேயே மருத்துவத் துறைக்கு வெளியே உள்ளவர்கள் எழுதத் திணறுபவை. நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கத் தெரிந்த கைகள் இந்த இரண்டெழுத்தின்முன் நின்றுவிட்டன. எதிர்ப்பு எழுந்த பிறகு, கடினக் கன்ஜிகளின் தலைமேல் ஹிரகானாவில் வாசிப்பைச் சிறிதாக அச்சிடவும், நோய்ப் பெயர்களுக்கு ஆங்கிலத்தைச் சேர்க்கவும் அரசு இசைந்தது. ஃபுரிகானா எனப்படும் அச்சிறு எழுத்து ஜப்பானியச் சிறுவர் நூல்களில் வழக்கமாக உள்ளதுதான்.

திருவண்ணாமலை மாவட்டத்துச் செவிலியர் மாணவிக்கு இதே சுவர் காத்திருக்கிறது. என்4 முடித்தால் போதும் என்று சொல்லி அனுப்பப்படுபவர், அங்கே போன பின்பே பராமரிப்பாளர் உரிமத் தேர்வின் கன்ஜியைச் சந்திக்கிறார். நீண்ட காலம் தங்கவும் குடும்பத்தை அழைத்துக்கொள்ளவும் அத்தேர்ச்சியே வழி. பயண ஏற்பாட்டின்போதே உடல் உறுப்புகள், நோய்கள், மருந்து ஆகியவற்றுக்கான கன்ஜிகளை உறுப்புப் பிரித்துக் கற்பிக்கத் தொடங்கலாம். நோய்ப் பெயர்கள் பலவற்றைச் சூழ்ந்து நிற்கும் நோய் உறுப்பு ஒன்று உண்டு. கல்லீரல், நுரையீரல், குடல் போன்ற உள்ளுறுப்புகளின் இடப்பக்கத்தில் நிற்கும் தசை உறுப்பு ஒன்று உண்டு. பார்ப்பதற்கு அது நிலவு என்ற கன்ஜி போலவே இருக்கும். இவ்விரண்டை அறிந்தவர், தெரியாத சொல்லைக் கண்டாலும் இது ஒரு நோய், இது ஓர் உறுப்பு என்ற அளவுக்காவது ஊகித்துவிடுவார். ஜொகுஸோ என்பதன் இரண்டாம் எழுத்தைச் சூழ்ந்து நிற்பதும் அந்த நோய் உறுப்புதான்.